ஓரத்துப் புள்ளி மூணு

சன்னல் பக்கம் நீங்க உட்காருங்க தம்பி. எனக்கு ஆகாது. இந்த இடது தோள் சன்னல் கம்பியில ஒரு இடி இடிச்சா உயிர் போயிட்டு வரும். நீங்க ஒல்லியா இருக்கீங்க, உங்க மேல சாஞ்சா வலிக்காது. கடப்பாரையில வாங்கினது. ஏழு மாசமாச்சு. எலும்பு கூடிருச்சுன்னு டாக்டர் சொல்றார். வலி அவருக்கா, எனக்கா?

சிவகங்கைக்கா? நானும் அங்கதான். பத்திர ஆபீசுக்கு. பதினொரு மணிக்கு என்னோட ஒண்ணரை ஏக்கர் புஞ்சை என் பங்காளி வெள்ளைக்கண்ணு பேருக்கு மாறணும்னு ஊர்ப் பெரியவங்க பேசி முடிச்சிருக்காங்க. மாறாது. நிறுத்தத்தான் போறேன். நாலரை மாசமா திருச்சியில கிடக்கேன் தம்பி, தினமும் காலையில பத்து மணிக்கு ஸ்டேஷன்ல கையெழுத்து, சொந்தத் தாலுகாவுக்குள்ள காலை வைக்கக் கூடாதுன்னு ஜாமீன். இன்னிக்கு ஒருநாள் வக்கீல் அனுமதி வாங்கிக் குடுத்திருக்கார். அந்த ஒருநாள் போதும்.

பயப்படாதீங்க. ஜாமீன்னு சொன்னதும் கால் ரெண்டையும் அங்கிட்டு இழுக்கிறீங்க. நான் யாருக்கும் கை ஓங்கினவன் இல்லை. எங்க வகையறாவுலேயே சாந்தமானவன் நான்தான். ஊர்ல கேட்டா, சேவுகன் ஒரு எறும்புதின்னிக்காகப் பங்காளி கையை வெட்டினான்னு சொல்வாங்க. ரெண்டும் பொய். எறும்புதின்னிக்காக இல்லை. வெட்டவும் இல்லை. மண்வெட்டி பட்டது.

எங்க ஊரு குருந்தங்கண்மாய். ஊர்ப் பேரும் அதான், கண்மாய்ப் பேரும் அதான். என் புஞ்சை கண்மாய்க்கு மேற்கே, மேட்டுல இருக்கு. கண்மாய் நிறைஞ்சா தண்ணி என் வரப்பு வரைக்கும் வந்து நிக்கும், அதுக்கு மேல ஏறாது. கடலை போடலாம், வரகு போடலாம். பெரிய பூமி இல்லை. ஆனா எங்க அப்பா வலது கையில மூணு விரல் அங்கதான் போச்சு. வடக்கு வரப்புத் தகராறுல எங்க பெரியப்பா, அதான் வெள்ளைக்கண்ணுவோட அப்பா, அரிவாளைப் போட்டுட்டார். சொந்த அண்ணன். நான் சின்னப்பிள்ளையில, "விரல் எங்கப்பா?"ன்னு கேட்டேன். "வரப்புக்குள்ள இருக்குடா. அதான் வரப்பு நகர மாட்டேங்குது"ன்னு சொன்னார். சாகுற வரைக்கும் ரெண்டு விரல்ல மண்வெட்டி பிடிச்சு வெட்டினார். மறு வருசமே பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துல பந்தி பரிமாறினதும் அவர்தான், அதே ரெண்டு விரலால. அப்படி ஒரு குடும்பம் நாங்க. வெட்டிக்குவோம், விட்டுக்குடுக்க மாட்டோம்.

போன வருசம் ஆவணியில ஒரு புள்ள வந்துச்சு. ஷைனின்னு பேரு, நான் பாப்பான்னுதான் கூப்பிடுவேன், நாகர்கோவில் பக்கம். எறும்புதின்னியைப் பத்திப் படிக்குதாம். எங்க பக்கம் அதை அழுங்குன்னுவோம். பார்த்திருக்கீங்களா? மேலெல்லாம் ஓடு ஓடா செதில், மூஞ்சி சுண்டெலி மாதிரி, வாயில ஒரு பல் கிடையாது. தொட்டா பந்தாச் சுருண்டுக்கும். சுருண்டுருச்சுன்னா நாலு ஆளு சேர்ந்து இழுத்தாலும் பிரியாது. சின்ன வயசுல நாங்க பிரிக்கப் பார்த்திருக்கோம். கல்லுல அடிச்சிருக்கோம், வெந்நீரை ஊத்தியிருக்கோம். விளையாட்டுதான். வெள்ளைக்கண்ணும் நானும் சேர்ந்து ஒண்ணை மரத்துல இருந்து பத்து தடவை கீழே போட்டோம். பத்தாவது தடவை பிரிஞ்சுச்சு. அப்புறம் அசையலை.

அந்தப் புள்ளைக்கு வளை காட்ட ஆள் வேணும். கண்மாயைச் சுத்தி எந்தப் புத்துல எந்த வளை இருக்குன்னு என்னை விட்டா யாருக்குத் தெரியும்? கூடப் போனேன். என் வீட்டுலதான் சாப்பாடு. என் வீட்டுக்காரி பூமயில் அதுக்குன்னு தனியா காரம் குறைச்சு வைப்பா. எனக்கு முப்பது வருசத்துல ஒருநாள் குறைச்சதில்லை.

வந்த பத்தாம் நாள் ஒண்ணைப் பிடிச்சோம். என் புஞ்சை மூலையில பெரிய புத்து ஒண்ணு உண்டு, அதுக்குள்ள இருந்து. நான் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன், பாப்பா அது முதுகுச் செதில்ல துளை போட்டு, தீப்பெட்டி அளவு கருவி ஒண்ணைக் கம்பியால முறுக்கிக் கட்டுச்சு. "நகத்துல துளை போடுற மாதிரிதான் ஐயா, வலிக்காது"ன்னு சொல்லுச்சு. வலிக்காதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? என் தோளைப் பத்தி டாக்டர் சொல்றாரே, அந்த மாதிரி. அழுங்கு என் நெஞ்சோட சுருண்டு கிடந்துச்சு. அதோட இதயம் அடிக்கிறது என் வயித்துல கேட்டுச்சு.

அப்புறம் தினசரி வேலை. பழைய டிவி ஆன்டெனா மாதிரி ஒரு கம்பியை நான் தூக்கிக்கிட்டு நிப்பேன், பாப்பா பெட்டியைக் காதுல வச்சுக் கேட்கும். டிக் டிக்னு சத்தம். சத்தம் எங்க பெருசாகுதோ அந்த வளைக்குள்ள அது தூங்குது. பகல்ல தூங்குற பிராணிதானே. ஒரு நாளைக்கு ஒரு புள்ளி. எங்க தூங்குச்சோ அங்க ஒரு புள்ளியைப் பாப்பா படத்துல வைக்கும். வானத்துல இருந்து எடுத்த எங்க ஊர்ப் படம் தம்பி, என் கிணறு பொத்தான் மாதிரி தெரியுது.

நானும் கத்துக்கிட்டேன். கண்மாயில தண்ணி ஏறினா அது மேட்டுக்கு வரும், என் புஞ்சைக்கு. தண்ணி வத்தினா கண்மாய் உள்ளே இறங்கி, கருவேல மரத்தடியில தோண்டும். ஒரு வீடு இல்லை அதுக்கு, ஒன்பது வளை. மாத்தி மாத்தித் தூங்கும். பணக்காரப் பிராணி.

ஐப்பசியில ஒருநாள் பாப்பா அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குக் காட்டுச்சு. ஓரத்துல எந்தெந்தப் புள்ளி இருக்கோ அதை எல்லாம் சேர்த்துச் சுத்திச் சிவப்புக் கோடு போட்டுச்சு. "இந்தக் கோட்டுக்குள்ள இருக்கிற இடம் எல்லாம் அழுங்கோட இடம்"னு சொல்லுச்சு. நான் பின்னாடி நின்னு பார்க்கேன். கோட்டுக்குள்ள என் கிணறு.

"என் புஞ்சை இருக்கே பாப்பா?"

"ஆமாய்யா! அதுதான் அதுக்கு ரொம்பப் பிடிச்ச இடம்." சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு.

எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னு சொல்றேன். எங்களுக்கு நாலு ஊர் தள்ளி ஒரு கண்மாய் இருக்கு, பறவைக்கு ஒதுக்கினது. அங்க முதல்ல வந்ததும் இப்படித்தான், நோட்டும் பேனாவுமா ரெண்டு பிள்ளைக. அடுத்தது படம். அடுத்தது எல்லைக் கல். கண்மாய்க்குள்ள ஆடு மேய்க்கக் கூடாது, விறகு பொறுக்கக் கூடாது, வெடி போடக் கூடாது. கல்லைப் பிடுங்கிப் போட்டவனை இன்னொருத்தன் காட்டிக்குடுத்துட்டான்னு சொல்லி, காட்டிக்குடுத்தவனை மாட்டுத் தொழுவத்துல வச்சு எரிச்சுட்டாங்க. கோடு லேசுப்பட்டது இல்லை தம்பி. அப்பா மூணு விரல் குடுத்த மண்ணு. ஒரு புள்ள சிவப்புப் பேனாவை எடுத்துச் சுத்திட்டுப் போறதுக்கா?

பாப்பாவைக் கேட்டேன். "கவர்மென்ட்டுக்குக் குடுப்பியா?" "இல்லைய்யா, என் படிப்புக்கு"ன்னுச்சு. படிச்சு முடிச்சு எங்க வேலைக்குப் போகும்? கவர்மென்ட்டுக்குத்தானே. எனக்கா தெரியாது?

ரெண்டு நாள் யோசிச்சேன். அழுங்கைக் கொன்னுரலாம். ஆனா கருவி அங்கேயே கத்தும், டிக் டிக்னு, என் புஞ்சையில. அப்போதான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. புள்ளி எங்கயோ அங்க கோடு. அழுங்கு எங்கயோ அங்க புள்ளி. அப்போ அழுங்கைத் தூக்கி வேற இடத்துல போட்டா, கோடு அங்க போயிரும்ல? இத்தனை பேர் படிச்சிருக்காங்க, யாருக்காவது இது தோணியிருக்குமா?

மத்தியானம் ஊரே உறங்குற நேரம். கடப்பாரையால வளையைப் பிளந்தேன். உள்ளே புகை போட்டேன். அது மண்ணை வாரி வாரிப் பின்னாடி அடைச்சுக்கிட்டே உள்ளே போகுது. வாலைப் பிடிச்சு இழுத்தேன். மலைப்பாம்பை இழுத்த மாதிரி வலு. கடப்பாரையைக் குறுக்கே குடுத்து நெம்பினேன், நாலஞ்சு செதில் பேந்து வந்துச்சு, ரத்தம். அப்புறம்தான் சுருண்டுச்சு. சாக்குல போட்டா நகத்தால கிழிச்சுரும்னு ஒரு தகர டின்னுல அமுக்கி, மொபெட்ல வச்சுக் கட்டி, கண்மாயைச் சுத்திக்கிட்டுக் கிழக்கே போனேன். அங்க வெள்ளைக்கண்ணுவோட பனங்காடு. எட்டுப் பனை, ஒரு கிணறு. அங்க கொட்டிட்டு வந்துட்டேன்.

ஏன் அவன் இடம்னு கேட்காதீங்க. வேற யாரு இடத்துல போடுறது? மத்தவங்க எனக்கு என்ன கெடுதல் பண்ணினாங்க?

மறுநாள் ஆன்டெனாவைத் தூக்கினா சத்தம் கிழக்கே கேட்குது. பாப்பா குதிக்குது. "ஐயா, ஒரே ராத்திரியில ரெண்டு கிலோமீட்டர்! கண்மாயைச் சுத்திப் போயிருக்கு!" நான் ஆன்டெனாவைப் பிடிச்சுக்கிட்டு, "அப்படியா பாப்பா, அதிசயந்தான்"னு சொன்னேன். பனங்காட்டுல ஒரு புள்ளி விழுந்துச்சு. எனக்கு அன்னிக்கு நல்ல பசி.

அஞ்சாம் நாள் அது என் புஞ்சைக்கே வந்துருச்சு.

எப்படி வந்துச்சு? ரோடு உண்டு, கண்மாய் நிறைஞ்சு கலிங்குல தண்ணி வழியுது, தெருவுக்குத் தெரு நாய். முதுகுல புண்ணோட வந்து, நான் பிளந்து போட்ட அதே வளையைத் திரும்பத் தோண்டிக்கிட்டுப் படுத்திருக்கு. பாருங்க, எவ்வளவு பிடிவாதம். எனக்கு வந்த ஆத்திரத்துல வளை வாயிலயே கல்லால நாலு போடு போட்டேன். ரெண்டாவது தடவை பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி கொண்டுபோய் விட்டேன். ஏழாம் நாள் வந்துருச்சு. மூணாவது தடவை இன்னும் தள்ளி, கோவில் மேய்ச்சல்ல. விடுறதுக்கு முன்னாடி, திரும்பி வந்துரக் கூடாதேன்னு முன்கால் நகம் ரெண்டை இடுக்கியால நறுக்கிவிட்டேன். பத்தாம் நாள் வந்துருச்சு. நொண்டிக்கிட்டு.

என் புஞ்சையில அதுக்கு என்ன வேண்டியிருக்கு? புத்து இருக்கு, கரையான் இருக்கு. கரையான் எங்கதான் இல்லை? நீங்களே சொல்லுங்க. சொந்த பூமி மாதிரி வந்து படுத்துக்குது!

ஆனா நான் ஒரு கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன் தம்பி. கோடு நகரும்னு நினைச்சேன். அது நகரலை. பெருகிருச்சு. என் புஞ்சையில புள்ளி அப்படியே கிடக்கு, விட்ட மறுநாள் விழுந்தது தடவைக்கு ஒண்ணா தூரத்துல மூணு புள்ளி புதுசா, அது திரும்பி நடந்த நாள்ல சத்தமே பிடிபடலை. அத்தனையையும் சேர்த்துக் கோடு போட்டா என்னாகும்? எங்க ஊர்ல பாதி உள்ளே வந்துருச்சு. பனங்காடு, பள்ளிக்கூடம், கோவில் மேய்ச்சல், என் வீடு உள்பட. பாப்பா பெருமையா அந்தப் படத்தைக் கொண்டுபோய் ரேஷன் கடைச் சுவத்துல ஒட்டிருச்சு. எல்லாரும் பார்க்கட்டும்னு.

பார்த்தாங்க. அரிசி வாங்க வந்தவன் எல்லாம் பார்த்தான். பறவைக் கண்மாய் கதை எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். "சேவுகா, உன் அழுங்குச் சம்பந்தி வீடு பெருசாகுதுபோல. உங்க பொண்ணைக் குடுத்தீங்களா, அவங்க பொண்ணை எடுத்தீங்களா?"ன்னு டீக்கடையில கேலி. கேலி ரெண்டு நாள். மூணாம் நாள் பாப்பாவோட ரூம் கதவுல சாணியும் கல்லும். பாப்பா பெட்டியைக் கட்டிக்கிட்டு நாகர்கோவில் போயிருச்சு. ஆன்டெனா என் வீட்டுலதான் கிடந்துச்சு.

வெள்ளைக்கண்ணு மட்டும் ஒண்ணும் பேசலை. அவன் என்னை விட ரெண்டு வயசு சின்னவன். சின்னதுல இருந்தே அவன் பேசாம இருந்தா ஏதோ நடக்கப் போகுதுன்னு அர்த்தம். பனங்காட்டுல மொபெட் தடம் பார்த்திருக்கான். தகர டின் உரசின தடம் பார்த்திருக்கான். பேந்த செதில் ஒண்ணு எடுத்து வச்சிருக்கான்.

தை மாசம். பாப்பா இல்லைன்னாலும் எனக்கு மனசு கேட்கலை. அது என் புஞ்சையில கிடக்கக் கிடக்க கோடும் கிடக்கும்ல? நாலாவது தடவை தூக்கினேன். இந்தத் தடவை நம்ம எல்லைக்கே அப்பால கொண்டுபோயிரணும்னு. கண்மாய்க் கரையில வர்றேன், மொபெட்ல. எதிர்ல வெள்ளைக்கண்ணு. கையில கடப்பாரை. பக்கத்துல அவன் நாய் கருவாயன், கன்னி ஜாதி, எலும்பும் பல்லுமா ஒரு வேட்டை நாய்.

"இறக்குண்ணே அந்த டின்னை."

"தண்ணி கொண்டு போறேன்டா."

"தண்ணி மூத்திர வாடை அடிக்குமா? என் காட்டுல நீதான் கொண்டாந்து போட்டியா?"

"அதுக்குக் கால் இருக்கு, அது வரும்"னு சொன்னேன். அவன் நாயை ஏவி விட்டுட்டான். முதல்ல ஏவினது அவன்தான் தம்பி, இதைக் குறிச்சுக்கங்க. கோர்ட்லயும் சொல்லியிருக்கேன். கருவாயன் தொடையைக் கவ்விருச்சு. வண்டி சாஞ்சு, டின் உருண்டு, மூடி தெறிச்சு. வண்டியில கட்டியிருந்த மண்வெட்டி கைக்கு வந்துச்சு. நாய் தலையில ஒண்ணு. அது விடலை. ரெண்டு. அது விடலை. செத்த பிறகும் பல்லு தொடையில இருந்துச்சு, ஆஸ்பத்திரியிலதான் எடுத்தாங்க.

வெள்ளைக்கண்ணு கத்தினான் பாருங்க, பிள்ளை செத்த மாதிரி. கடப்பாரை வந்து தோள்ல இறங்குச்சு. எலும்பு முறியற சத்தம் எனக்கே கேட்டுச்சு, பச்சைக் கரும்பை ஒடிச்ச மாதிரி. அடுத்தது தலைக்கு வந்துச்சு. நான் மண்வெட்டியைக் குறுக்கே வச்சேன். அவ்வளவுதான். வச்சேன். வச்ச இடத்துல அவன் கை இருந்துச்சு. முழங்கைக்குக் கீழே, தோல்ல மட்டும் தொங்குச்சு.

என்ன, அப்படிப் பார்க்கிறீங்க? ஒரு தடவைதானான்னா? போலீஸ்காரரும் அதையே கேட்டார். மூணு வெட்டு இருக்குன்னார். எனக்கு ஒண்ணுதான் ஞாபகம். மனுசனுக்கு வலி வர்றப்போ எண்ணிக்கிட்டா இருப்பான்?

ரெண்டு பேரும் கரையில கிடக்கோம். அவன் துண்டைப் பல்லுல கடிச்சு கையைக் கட்டப் பார்க்கான், முடியலை. நான் எந்திரிக்கப் பார்க்கேன், முடியலை. "அண்ணே, கட்டிவிடுண்ணே"ங்கிறான். ஒத்தைக் கையால நான்தான் இறுக்கிக் கட்டினேன். இதையும் கோர்ட்ல சொல்லணும்னு வக்கீல்கிட்ட சொன்னேன், அவர் எழுதிக்கலை. அப்போ டின்னுக்குள்ள இருந்து அழுங்கு பிரிஞ்சு வெளியே வந்துச்சு. மூக்கைத் தூக்கிச் சுத்தி மோந்து பார்த்துச்சு. எங்க ரத்தத்துல காலை வச்சு, நாய் மேல ஏறி இறங்கி, நேரா மேற்கே நடந்துச்சு. என் புஞ்சைக்கு. ரெண்டு பேரும் படுத்தபடி பார்த்துக்கிட்டே இருந்தோம்.

"போகுது பாரு, நாய்க்குப் பிறந்தது"ன்னான் வெள்ளைக்கண்ணு.

அப்புறம் என்ன? அவன் கையை ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. அவன் பையனுக என் வைக்கோல் போரைக் கொளுத்தி, மோட்டாரைக் கிணத்துக்குள்ள தள்ளிவிட்டானுக. எனக்கு எழுபது நாள் ஜெயிலு. இப்போ திருச்சி. பூமயில் ஊர்லயே இருக்கா. போன் போட்டா எடுத்து வச்சுக்குவா, பேச மாட்டா. சிக்னல் சரியில்லைபோல.

பெரியவங்க கூடி ஒரு முடிவு சொன்னாங்க. கேஸை வெள்ளைக்கண்ணு ராஜி பண்ணிக்குவான். ஆனா அவனுக்கு ரெண்டு நட்டம். ஒண்ணு கை. இன்னொண்ணு பனங்காடு, கோட்டுக்குள்ள போயிருச்சு, இன்னிக்கோ நாளைக்கோ கல் நடுவாங்க. கைக்கு ஈடு கிடையாது, சண்டையில ரெண்டு பேரும் அடிச்சிருக்கீங்க, அது கழிஞ்சுச்சு. ஆனா கோட்டைக் கொண்டாந்து அவன் நிலத்துல போட்டது நீ. அதுக்கு ஈடா உன் ஒண்ணரை ஏக்கரை எழுதிக் குடு. அப்படி. நானும் தலையாட்டிட்டேன். வேற என்ன வழி? என் புஞ்சையில போன ஏழு மாசமா யாரும் கால் வைக்கலை. முழங்கால் உயரத்துக்குப் புல்லு. புத்து ரெண்டாயிருச்சாம்.

ஆனா போன வெள்ளிக்கிழமை பாப்பா வந்துச்சு தம்பி. திருச்சி ஸ்டேஷன் வாசல்ல நிக்குது. என்னைப் பார்த்ததும் அழுதுச்சு. படிப்பு முடிஞ்சு புத்தகம் போட்டுருச்சாம், எனக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கு. இந்தா பாருங்க, பிடிங்க. முதல் பக்கத்துல நன்றின்னு என் பேரு போட்டிருக்கு, திரு. சேவுகன். திரு! இதுல நாப்பத்தியோராம் பக்கம். நான் கிழிச்சுராம மடிச்சு வச்சிருக்கேன். திருப்புங்க. அந்தப் படந்தான். கோடு எங்க இருக்கு? கண்மாயும் என் புஞ்சையும்தானே? பனங்காடு எங்க? பாருங்க நல்லா. கோட்டுக்கு வெளியே, இம்புட்டுத் தூரம்.

நானும் இப்படித்தான் முழிச்சேன். "பனங்காட்டுப் புள்ளி எங்க பாப்பா?"ன்னு கேட்டேன்.

"அதுவாய்யா? ரொம்ப ஓரமா, தனியா விழுற புள்ளியை நூத்துக்கு அஞ்சு எப்பவுமே கழிச்சுருவோம். அறுபது புள்ளியில மூணு. என்னிக்காவது வழிதப்பிப் போயிருக்கும், அதை வச்சு அதோட இடம்னு சொல்ல முடியாதுல்ல? எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"எப்பவுமே கழிப்பியா?"

"எப்பவுமே."

"அப்போ ரேஷன் கடையில ஒட்டினது?"

"அது முதல்ல போட்ட படம்யா. கழிக்கிறதுக்கு முன்னாடி."

மூணு புள்ளி. நான் சுமந்த மூணு. நான் அதுகிட்ட சொல்லலை. எதுக்குச் சொல்லணும்? சின்னப்பிள்ளை. இந்தப் புத்தகம் யாருக்குப் போகும்னு மட்டும் கேட்டேன். "காலேஜ் லைப்ரரியில இருக்கும்யா, யாராவது படிச்சா உண்டு"ன்னுச்சு. கல்லும் கிடையாது, கவர்மென்ட்டும் கிடையாது.

இப்போ புரியுதா, நான் ஏன் போறேன்னு? வெள்ளைக்கண்ணுக்கு ரெண்டு நட்டம்னு சொல்லித்தானே என் நிலத்தைக் கேட்கிறாங்க? ஒண்ணு இல்லைன்னு ஆயிருச்சே! பனங்காடு கோட்டுல இல்லை. பெரியவங்க அஞ்சு பேரும் பத்திர ஆபீசுக்கு வருவாங்க. நடுவுல வச்சு இந்தப் பக்கத்தை விரிச்சுக் காட்டப் போறேன். பேசாம எந்திரிச்சுப் போக வேண்டியதுதான். என் மண்ணு என்கிட்ட. அப்பா விரல் வரப்புல. நல்லா வச்சுப் பாருங்க, உங்க மடியிலேயே இருக்கட்டும், எனக்கு இந்தத் தோளோட பிடிக்க வராது.

என்ன ஸ்டாப்பு இது? எங்க ஊர் விலக்கா? அதுக்குள்ள வந்துருச்சா. தம்பி, அந்தா பாருங்க, ஏறுறான். கண்டக்டர் கையைப் பிடிச்சுத் தூக்குறாரே. வலது சட்டைக் கையை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டவன். அவன்தான். இந்த பஸ்லயா வரணும்? இளைச்சுட்டான். என்னைப் பார்த்துட்டான்.

வாடா. இங்க இடம் இருக்கு. உட்காரு. பார்த்து, பிடிச்சுக்க.

"நல்லா இருக்கியாண்ணே?"

இருக்கேன். அந்த டிக்கெட்டைப் பல்லுல இருந்து எடு, நான் வச்சிருக்கேன். இவர் சிவகங்கைக்குப் போற தம்பி. பேசிக்கிட்டு வந்தோம்.

"என்ன பேச்சு?"

சும்மா. மழையைப் பத்தி. ரெண்டு பேரும் எத்தனை மாசம் கழிச்சுப் பார்க்கோம். பையனுக நல்லா இருக்கானுகளா?

"இருக்கானுக. மதினியும் நல்லாத்தான் இருக்கு. நேத்து மீன்குழம்பு குடுத்துவிட்டுச்சு, இடது கையில முள்ளு எடுக்க வராதுன்னு அதுவே எடுத்துப் போட்டுக் குடுத்துச்சு. அண்ணே, பாப்பா புத்தகம் போட்டிருக்காமே. உன்னைப் பார்க்க வந்துச்சாமே."

வந்துச்சு.

"அதுல என் பனங்காடு இருக்கா?"

என்னடா திடீர்னு.

"சொல்லுண்ணே. ராத்திரியில இல்லாத கை வலிக்குதுண்ணே. மடங்கின விரல் உள்ளங்கையில குத்துது. பிரிக்கலாம்னா கையே இல்லை. அப்போ எல்லாம் அந்தக் கோட்டைத்தான் நினைச்சுக்குவேன். வெட்டிச் சண்டையில போகலைடா, பூமிக்காகப் போன கைன்னு. அப்படி நினைச்சாத்தான் உறக்கம் வருது. இருக்குல்ல?"

அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கடா, பஸ்ஸு வளையுது.

"பேச்சை மாத்தாதண்ணே."

இருக்குடா.

"எம்புட்டு?"

முழுசும். எட்டுப் பனை, கிணறு, எல்லாம் கோட்டுக்குள்ளதான் கிடக்கு.

"அதான் பார்த்தேன். காட்டு, பார்ப்போம்."

கொண்டுவரலை. திருச்சியில கிடக்கு. உனக்கு எதுக்கு அது, நான் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தா சரியாப் போச்சு. தம்பி, உங்க புத்தகத்தை மூடிப் பைக்குள்ள வச்சுக்கங்க. சன்னல் பக்கம் தூறல் அடிக்குது.